மூக்கில் பரு முளைத்த மீன்கள்

“என் குட்டை நெறைய ஆம்பளையா அள்ளிக் கொட்டிட்டு, இங்க வந்து வாத்துக்கறிக்குத் தட்டு நீட்டுறியே லாடி, உனக்கு வெக்கமா இல்ல?”

அல்பினா டுசெக் இதைக் கேட்டது மாதா கோயில் கூடத்தில், ஜூன் மாத விருந்து நாளில், ஊரே வரிசையில் நிற்கும்போது. லாடி என்கிற லாடிமிர் கையில் தட்டு இருந்தது. தட்டில் மாவுருண்டை விழுந்திருந்தது, கறி இன்னும் விழவில்லை. பரிமாற நின்றவள் கரண்டியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

“என்ன சொல்ற நீ?” என்றான் லாடி.

“ஏப்ரல்ல உங்கிட்ட பொடிமீன் வாங்கினேன்ல, வாளி வாளியா? பலகையத் தூக்கித் தூக்கிப் பாக்கறேன், ஒரு முட்டை இல்ல. அத்தனையும் ஆம்பள.”

“நான் வலை போட்டு அள்ளி விக்கிறவன், அல்பினா. ஒவ்வொண்ணுக்கும் பாவாடையத் தூக்கிப் பாத்தா குடுக்க முடியும்?”

வரிசை சிரித்தது. சிரிப்புக்கெல்லாம் மசிகிறவள் இல்லை அவள். “பாவாடையத் தூக்க வேணாம், மூஞ்சியப் பாத்தாப் போதும். மூக்குல பரு இருந்தா ஆம்பள. காலம் பூரா ஓடையில நின்னவனுக்கு அதுகூடத் தெரியாதா? பொம்பளைய எல்லாம் உன் தொட்டியில நிறுத்திக்கிட்டு, கழிச்சுப் போட்டத எந்தலையில கட்டிட்ட.”

லாடி தட்டை மேசைமேல் வைத்தான். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பிள்ளை இல்லாதவன், மனைவி போய்ச் சேர்ந்துவிட்டவன். அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்காக ஒரு வாரம் காத்திருந்தவன். அல்பினா தன் பங்குக்கு இரண்டு வாத்துக்கால் வாங்கி, எலும்பு வெளுக்கும்வரை சாப்பிட்டாள்.

அந்தப் பொடிமீன் ஒரு விரல் நீளம்கூட வராது. சமையலுக்கு ஆகாது. ஏரியில் பெரிய மீன் பிடிக்கப் போகிறவர்கள் தூண்டிலில் கோர்ப்பதற்கு டஜன் கணக்கில் வாங்குவார்கள். கோடை பிறந்தால் ஆணுக்குத் தலை கறுத்து, மூக்கின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பரு முளைக்கும், விடலைப் பயல் முகம் மாதிரி. பெண் வெளுத்து, வயிறு உருண்டு இருக்கும். குட்டையில் பழைய வேலிப் பலகையைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால், பெண் அதன் அடியில் முட்டையை ஒட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடும். முட்டை பொரிகிறவரைக்கும் காவல் இருப்பது ஆண். ஆண்டவன் படைத்ததில் உருப்படியான ஆண்பிள்ளை இது ஒன்றுதான் என்பது அல்பினாவின் முடிவு. நல்ல வருஷத்தில் பலகையைத் திருப்பினால் ரொட்டியில் கசகசா அப்பியது போல முட்டை இருக்கும். அந்த வருஷம் பலகை கழுவித் துடைத்தது போல இருந்தது.

நெப்ராஸ்காவில் மேப்பிள் ஓடைக்கு வடக்கே பிறந்து, அதே ஓடைக்குத் தெற்கே வாழ்க்கைப்பட்டவள் அவள். அவ்வளவுதான் அவள் செய்த பிரயாணம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள்; பால் கறக்க ஆள் வேண்டியிருந்தது. நடனக் கொட்டகையில் போல்கா ஆடும்போது எமில் டுசெக் அவள் காலை மிதித்துவிட்டு, மன்னிப்புக் கேட்காமல், “உன் காலு பெருசு” என்றானாம். இவன் தாங்குவான் என்று அப்போதே தீர்மானித்துவிட்டாள். தாங்கத்தான் செய்தான். கடைசியில் மாட்டு ஏலத்தில் உட்கார்ந்திருந்தபோது நெஞ்சைப் பிடிக்கக் கையைத் தூக்கினான். விலை கேட்கிறான் என்று நினைத்து ஏலக்காரன் ஒரு கிடாரியை அவன் பேருக்கு முடித்துவிட்டான். விஷயம் தெரிந்ததும் மாட்டுக்காரன் விற்பனையை ரத்து செய்ய வந்தான். அல்பினா விடவில்லை. “செத்தவன் கேட்ட விலை. கொண்டாந்து கட்டு” என்றாள். அந்தக் கிடாரி ஒன்பது கன்று போட்டது.

எமிலுக்குப் பிறகு நிலமும் மாடும் மகன் மார்வின் பேருக்குப் போயின. வீட்டுக்குக் கீழே எமில் தோண்டிய குட்டை மட்டும், எழுத்தில் இல்லாமல் வாய்ச்சொல்லில், அவளுடையது. அதில் பொடிமீன் வளர்த்து விற்பாள். யாரிடமும் கேட்காமல் செலவழிக்க அந்தக் காசு ஒன்றுதான். காசைவிட, காலையில் எழுந்து போய்ப் பார்க்க அவளுக்கென்று ஒரு இடம்.

அந்த இடத்துக்குத்தான் வினை வந்தது. மார்வின் குட்டைக்கு மேலே சரிவில் புதுப் பட்டி போட்டான். காயடித்த காளைகளை அடைத்து, மக்காச்சோளம் போட்டுக் கொழுக்கவைத்து, இறைச்சிக்கு அனுப்பும் பட்டி. மழை பெய்தால் சாணித் தண்ணீர் சரிவில் இறங்கும். அரசாங்கத்து ஆள் வந்து பார்த்துவிட்டு, இந்தத் தண்ணீரை எங்கேயாவது தேக்கு, ஓடையில் விடாதே என்று சொல்லிப் போனான். தேக்கப் புதுக் குழி வெட்டக் கடன் வாங்க வேண்டும். வெட்டிய குழி ஒன்று சும்மா கிடக்கிறதே என்று மார்வின் கண் குட்டைமேல் விழுந்தது.

“அதுல என் மீன் இருக்குடா,” என்றாள் அல்பினா.

“சரிம்மா. இந்தக் கோடை வரைக்கும் உன் மீனப் பாக்கறேன். முட்டை வச்சுப் பெருகுச்சுன்னா குட்டை உனக்கு. நான் எப்பாடுபட்டாவது வேற எடத்துல வெட்டிக்கறேன். பெருகலன்னா எனக்கு விட்டுடணும். அப்ப வந்து அழக்கூடாது.”

“நான் எப்படா அழுதேன்?”

எப்படியாவது பெருக்கிக் காட்டவேண்டும் என்று அவளுக்கு வெறி. குட்டையில் எரு கலந்தால் பாசி பிடிக்கும், பாசியில் பூச்சி வரும், பூச்சி தின்று மீன் கொழுக்கும். அந்தப் பக்கத்தில் பொடிமீன் வளர்க்கிற எல்லோரும் செய்வதுதான். மேலே பட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் குட்டையைச் சுற்றிக்கொண்டு ஓடைக்குப் போவதைப் பார்த்தாள். வீட்டு வாசலுக்கு வந்த விருந்தை ஏன் விடவேண்டும்? மண்வெட்டியை எடுத்து, கரையில் ஒரு வாய்க்கால் வெட்டி, அத்தனையையும் குட்டைக்குள் திருப்பினாள். லாடியிடம் வாங்கிய மீனை விட்டாள். தண்ணீர் பச்சைப் பசேல் என்று ஆனது. மீன் தின்று கொழுத்தது. ஜூனில் பார்த்தால் எல்லா மூக்கிலும் பரு.

விருந்துக்கு மறுநாள் காலையில் லாடி வந்தான். வண்டியை நிறுத்தினான், வணக்கம் சொல்லவில்லை, கையில் மீன் அறுக்கும் கத்தி.

“குத்தப் போறியா?” என்றாள் அல்பினா.

“உன்ன இல்ல. கூடையப் போடு குட்டையில.”

மீன் எடுத்து வந்தாள். லாடி வண்டியின் பின்பலகையை இறக்கி, பருமூக்கு மீன் ஒன்றை வைத்து வயிற்றைக் கீறினான். விரல் நுனியால் விலக்கிக் காட்டினான்.

“இது என்ன?”

அல்பினா குனிந்து பார்த்தாள். “முட்டை.”

“ஆம்பள வயித்துல முட்டை எப்படி வந்துச்சு, மகராசி?”

அடுத்ததைக் கீறினான். அதிலும் முட்டை. மூன்றாவது நிஜமாகவே ஆண். நாலாவதில் முட்டை, ஆனால் நோஞ்சான் முட்டை, பழுக்காமல் வெம்பிப்போனது போல. அல்பினா கத்தியைப் பிடுங்கித் தானே ஒன்றை அறுத்தாள். கறுத்த தலை, மூக்கு நிறையப் பரு, வயிற்றுக்குள் வெம்பிய முட்டை.

“பொம்பளைக்கு மீசை மொளச்சிருக்கு,” என்றாள்.

“நான் குடுக்கும்போது மொளைக்கல.”

அவள் கத்தியை அவனிடம் நீட்டினாள். லாடி கத்தியைக் கால்சட்டையில் துடைத்தான். அவன் கண் வாய்க்கால் வழியாக மேலே ஏறிப் பட்டியில் போய் நின்றது.

“அந்தத் தண்ணியவா உள்ள விட்டிருக்க?”

“சாணித் தண்ணி குட்டைக்கு நல்லதுதான? உங்கப்பன் விடலையா?”

“எங்கப்பன்கிட்ட அஞ்சு கறவை மாடு இருந்துச்சு, அல்பினா. அதுங்க காதுல யாரும் ஒண்ணும் வைக்கல.”

காதில் வைப்பது வேறு யாரும் இல்லை. அவள்தான்.

புது மாடு பட்டிக்கு வந்தால், ஒவ்வொன்றாக இரும்புக் கூண்டுக்குள் ஓட்டி, கழுத்தை இறுக்கி நிறுத்துவார்கள். கால்நடை டாக்டர் வோல்கர் ஊசி போடுவார். அல்பினா காதை மடக்கிப் பிடித்து, பின்பக்கத் தோலுக்கு அடியில் ஊசித் துப்பாக்கியால் சின்னச் சின்னக் குளிகைகளை வரிசையாக இறக்குவாள். உள்ளே இருந்து மெல்ல மெல்லக் கரையும். தீனி அதேதான், சதை மட்டும் கூடுதலாக ஏறும். அவள் கை பட்டால் மாடு தலையைச் சிலுப்பாது. வேறு ஆள் வைத்தால் குளிகை நொறுங்கும், காது சீழ் பிடிக்கும். ஆகவே அது அவளுடைய வேலையாகிவிட்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வாரமே மாடு வந்தது. அல்பினா துப்பாக்கியைக் கையில் எடுத்தவள், இறக்காமல் நின்றாள்.

“இதுக்குள்ள என்ன டாக்டர் இருக்கு?”

“இத்தன நாளா வச்சுட்டு இப்பக் கேக்கறீங்களே,” என்று சிரித்தார் வோல்கர். “காயடிக்கும்போது மாட்டுகிட்டேர்ந்து எதப் புடுங்கினோமோ, அந்தச் சக்தியக் காது வழியாக் கொஞ்சம் திருப்பிக் குடுக்கறோம். ஆம்பளச் சுரப்பு மாதிரி. அதான் சதை வைக்குது.”

“காதுல வச்சா கெளம்புமா? இது எங்க எமில் இருக்கும்போது தெரியாமப் போச்சே.”

கூண்டுக்கு அந்தப் பக்கம் நின்ற மார்வின், “அம்மா,” என்றான்.

“நீ மாட்டப் புடிடா. டாக்டர், வச்சது பூரா மாட்டுக்குள்ளயே தங்கிடுமா?”

வோல்கர் சிரிப்பை நிறுத்தினார். “தங்காது. ஒரு பங்கு பின்னாடி வழியா வந்துடும். சாணியில மாசக்கணக்கா இருக்கும். மழை வந்தாக் கரஞ்சு ஓடும்.”

அவள் மீனைப் பற்றிச் சொன்னாள். பரு, முட்டை, வாய்க்கால் எல்லாம். வோல்கர் கையுறையைக் கழற்றினார். “எல்க்ஹார்ன் ஆத்துல பல்கலைக்கழகத்து ஆளுங்க இதத்தான் வலை போட்டுப் பாத்துக்கிட்டிருக்காங்க. மாட்டுக்கு உறைக்கவே உறைக்காத அளவு மீனுக்கு மலையாத் தெரியும். உங்க குட்டையில அதுதான்னு சோதிக்காம நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா, இல்லன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல.”

அல்பினா துப்பாக்கியைப் பீப்பாய்மேல் வைத்தாள். “எனக்கு இன்னிக்குக் கை வலிக்குது,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். எமில் செத்த வாரத்தில்கூடக் கை வலிக்கிறது என்று சொல்லாதவள்.

நேரே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குட்டைக்குப் போய், தான் வெட்டிய வாய்க்காலைத் தானே மண் போட்டு மூடினாள். மிதித்து இறுக்கினாள். இனிமேல் பட்டித் தண்ணீர் உள்ளே வராது. கோடை இன்னும் மீதி இருக்கிறது. மீன் தேறிக்கொள்ளும், ஆகஸ்டுக்குள் ஏதாவது ஒரு பலகையில் முட்டை விழுந்துவிடும், குட்டை தப்பித்துவிடும். பிரச்சினையை முடித்துவிட்ட திருப்தியில் அன்று மாலை சீட்டாட்டத்தில் எல்லோரையும் ஜெயித்தாள்.

ஜூலையில் ஒரு மத்தியானம் மழை கொட்டியது. விட்டதும் ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு கரையைப் பார்க்கப் போனாள். அடைப்பு உடையவில்லை. பட்டித் தண்ணீர் காப்பி நிறத்தில் இறங்கி வந்து, அடைப்பில் முட்டி, கெட்டிக்காரப் பிள்ளை மாதிரி குட்டையைச் சுற்றிக்கொண்டு கீழே போயிற்று. நல்லது போ, என்றாள். பிறகு, எங்கே போகிறது என்று ஒரு யோசனை. கூடவே நடந்தாள்.

புல்வெளி தாண்டி, வேலி தாண்டி, பாலத்துக்கு அடியில் ஓடையில் போய்க் கலந்தது. கலந்த இடத்துக்குச் சற்றே கீழே, தண்ணீரில் சிவப்பு மிதவைகள் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றின் கீழே லாடியின் மீன்பிடிக் கூடுகள். அவன் விற்கிற ஒவ்வொரு மீனும் அந்த மடுவிலிருந்துதான் வரும். அதை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை. ஊர் நடுவில் வைத்து, கெட்ட மீன் விற்கிறாய் என்று அவனைக் கேட்டிருந்தாள். இப்போது அதை நிஜமாக்கப் போகிறாள்.

அவளுக்கு இரண்டு வழிதான் தெரிந்தது. தண்ணீர் தன் குட்டைக்குப் போகும், அல்லது லாடியின் மடுவுக்குப் போகும். மாட்டைச் சாணி போடாதே என்று சொல்ல முடியாது.

திரும்பி நடந்தாள். அடைப்பை வெட்டினாள். ஈர மண் கனத்தது. வயசு அப்போதுதான் ஞாபகம் வந்தது அவளுக்கு. தண்ணீர் சடக்கென்று உடைத்துக்கொண்டு குட்டைக்குள் பாய்ந்தது. தொங்கவிட்டிருந்த பலகைகள் ஒன்றோடொன்று மோதின. ஒவ்வொன்றாகக் கம்பியை அவிழ்த்துக் கரையில் எடுத்துப் போட்டாள்.

சமையலறையில் மார்வின் உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தான். காலணியைக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

“அந்தக் குளிகைய நிறுத்தேன்டா.”

“நிறுத்தினா மாட்டுக்கு நாப்பது பவுண்டு கறி கொறையும். எல்லாப் பட்டியிலயும் வச்சுத்தான் விக்கிறாங்க. நான் மட்டும் நிறுத்தினா பேங்க்காரன் வந்து எங்காதுல வைப்பான்.” சொல்லிவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தான். “அரசாங்கம் அனுமதிச்ச மருந்தும்மா அது. நான் திருட்டுத்தனமா ஒண்ணும் பண்ணல.”

“பண்ணினேன்னு நான் சொல்லல. அடுத்த வருசமாவது வேற குழி வெட்டுவியா?”

“அடுத்த வருசம் மாட்டு விலை என்னன்னு அந்த மாட்டுக்கே தெரியாது.”

பொய் சொல்லவில்லை அவன். கண்ணுக்குக் கீழே எமிலைப் போலவே பை தொங்கியது, நாற்பது வயசுக்குள். அவள் எதிரே உட்கார்ந்தாள்.

“அப்ப குட்டைய எடுத்துக்க. கரைய நல்லா ஒசத்திக் கட்டு. ஒரு சொட்டு ஓடைக்குப் போகக்கூடாது. தேங்கினத வயலுக்கு எறைச்சாலும் ஓடைப் பக்கத்து வயலுக்கு எறைக்காத. போச்சுன்னா உன் புல்டோசருக்கு முன்னாடி நானே வந்து படுப்பேன்.”

மார்வின் அவள் முகத்தைப் பார்த்தான். “கோடை இன்னும் முடியலயேம்மா. ஆகஸ்டு வரைக்கும் பாக்கலாம்னுதான பேச்சு?”

“முடிஞ்சுது. உருளைக்கிழங்குல உப்பு இருக்கா?”

இருக்கிறது என்றான். அவன் மனைவி பிற்பாடு சொன்னது: புல்டோசர் ஓட்டிய அன்று அவன் குட்டையைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டுத்தான் ஏறினானாம். அல்பினா ஜன்னல் பக்கமே வரவில்லை. கசகசா வைத்த ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள், ஒரு தெருவுக்குப் போதும் அளவு.

கூண்டுக்கு அவள் அதற்கப்புறம் போகவில்லை. மார்வின் கூலிக்கு ஒரு ஆளைப் பிடித்தான். அவன் வைத்த காதெல்லாம் சீழ் பிடித்தது. பாலில் துணி நனைத்துக் காதில் கட்டு என்று யோசனை சொன்னாள், கை வைக்கவில்லை.

ஆகஸ்டு கடைசியில் ஒரு சனிக்கிழமை, ரொட்டிப் பொட்டலமும் காலி வாளியுமாக லாடியின் தூண்டில் கடைக்குப் போனாள். விருந்து வரிசையில் அன்று சிரித்த அதே கிழவர்கள் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. அது வேண்டும் என்றுதான் சனிக்கிழமை போயிருந்தாள்.

“லாடி அன்னிக்கு எனக்குக் குடுத்தது நல்ல மீன்,” என்றாள், அவனைப் பார்த்து அல்ல, அவர்களைப் பார்த்து. “கெடுத்தது எங்க பட்டித் தண்ணி. அத உள்ள விட்டது நான். கோயில்ல அன்னிக்குச் சத்தமாப் பேசினேன்ல, இதையும் சத்தமாவே சொல்றேன். காது கேக்காதவங்க யாராவது இருக்கீங்களா?”

யாரும் இல்லை. லாடி வலைக் கரண்டியைக் கழுவிக்கொண்டே, “இப்ப என்ன வேணும்?” என்றான்.

“ஒரு டஜன்.”

“எங்க விடப் போற? குட்டைதான் போச்சே.”

அப்படியானால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. யாருக்காகப் போனது என்பதும் தெரிந்திருக்கும்; ஊர் சின்னது. அல்பினா அந்தப் பக்கமே போகவில்லை. “தண்ணி எறைக்கிற காத்தாடிக்குக் கீழ மாட்டுக்குத் தண்ணி காட்டற தொட்டி ஒண்ணு பழசு இருக்கு. கெணத்துத் தண்ணி. ஒரு பலகை தொங்கவிடலாம்.”

லாடி தொட்டிக்குள் கரண்டியை விட்டான். ஒவ்வொரு மீனையும் வெளிச்சத்தில் தூக்கி மூக்கைப் பார்த்தான். வெளுத்தது, வயிறு உருண்டது என்று பார்த்துப் பார்த்து ஒன்பது எடுத்தான். பருமூக்கில் மூன்று.

“மூணு ஆம்பள எதுக்கு?” என்றாள் அல்பினா.

“ஒண்ணு காவலுக்கு. ரெண்டு உன் திட்டு வாங்கறதுக்கு.”

கிழவர்கள் சிரித்தார்கள். அவள் ரொட்டிப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். அவன் அதை எடுத்து, பிரிக்காமல், பின்னால் அலமாரியில் பத்திரமாக வைத்தான். சுவரில் சாக்பீஸால் டஜன் ஒன்றரை டாலர் என்று எழுதியிருந்தது.

“ரெண்டு டாலர்,” என்றான் லாடி.

அல்பினா சுவரைப் பார்த்தாள். “அர டாலர் எதுக்குக் கூட?”

“பாவாடையத் தூக்கிப் பாத்துக் குடுத்திருக்கேன்ல. அந்தக் கூலி.”

வாழ்நாளில் பேரம் பேசாமல் ஒரு ஊசிகூட வாங்காதவள், கைப்பையைத் திறந்தாள். பன்னிரண்டு மீனுக்கு இரண்டு டாலர்.